மூன்று விரல் உப்பு

(கிராம சுகாதாரப் பணியாளர் பயிற்சி குறித்து, மருத்துவ மாணவர்களும் செவிலியர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எல்லோரும் வலது கையை நீட்டுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் குவித்து, கிண்ணத்திலிருந்து உப்பு எடுப்பதுபோல் பிடியுங்கள். விரலின் முதல் ரேகை மறைகிற அளவு உப்பு. அடுத்து ஒரு பிடி வெல்லம். இரண்டையும் அரை சேர் என்னும் பழைய அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும். பங்களாதேஷில் 1980 முதல் 1990 வரை, ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில், ஒரு பெண் இன்னொரு பெண்ணின் எதிரே உட்கார்ந்து இதைத்தான் கற்றுக்கொடுத்தாள். வயிற்றுப்போக்கில் வற்றிப்போகும் குழந்தையைத் தாயே காப்பாற்றும் வழி அது. இன்று நமக்கு அளவு பிசகாத ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கிறது; அதைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆனால் அந்த மூன்று விரல் உப்பை எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதில் நாம் எல்லோரும் படிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

முதலில் மருந்தின் கதை. காலராவிலும் கடும் வயிற்றுப்போக்கிலும் ஆளைக் கொல்வது உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதுதான். வெறும் தண்ணீர் குடித்தால் குடல் அதை வாங்கிக்கொள்ளாது. கொஞ்சம் சர்க்கரை சேர்ந்தால் நிலைமை மாறுகிறது. சர்க்கரை குடல் சுவரைக் கடக்கும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகும். உப்பு போகிற இடத்துக்குத் தண்ணீர் பின்னாலேயே போகும். 1968-ல் டாக்காவின் காலரா ஆய்வுக்கூடத்தில் டேவிட் நலினும் ரிச்சர்ட் கேஷும் இதை நோயாளிகளிடம் நிரூபித்தார்கள். 1971-ல் வங்கதேசப் போரில் அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தார்கள். மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. அங்கே இருந்த மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், உப்பும் சமையல் சோடாவும் குளுக்கோஸும் கலந்த பொடியைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பினார். நோயாளியின் தாயும் அண்ணனும் மகளும் குவளையில் பிடித்துப் புகட்டினார்கள். முகாமில் நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது.

அந்த முகாமில் மருந்து புகட்டியவர்கள் யாரும் மருத்துவம் படித்தவர்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். வேறு வழி இல்லாததால் குடும்பத்தார் கையில் போன வேலை அது. அவர்கள் அதை நன்றாகவே செய்தார்கள்.

மூன்று விரல் உப்பைக் கற்றுக்கொடுத்தது பிராக் என்ற தொண்டு நிறுவனம். 1972-ல் பங்களாதேஷில் அதைத் தொடங்கியவர் ஃபஸ்லே ஹசன் ஆபெத். கணக்கியல் படித்து, ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவர் கணக்கர் என்பதை ஒரு காரணத்துக்காகச் சொல்கிறேன், பின்னால் தெரியும். அந்தக் காலத்தில் நாடு முழுவதும் பொட்டலம் கொண்டுசேர்க்கத் தொழிற்சாலையும் இல்லை, சாலையும் இல்லை. ஆனால் எந்தக் குடிசையிலும் உப்பும் வெல்லமும் இருந்தன. எனவே பொருளுக்குப் பதிலாக அறிவைக் கொண்டுசேர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். கொஞ்சம் படித்த இளம்பெண்களைக் குழுக்களாகச் சேர்த்தார்கள். ஊர் ஊராக நடந்துபோய், ஒவ்வொரு வீட்டிலும் தாயோடு உட்கார்ந்து, நினைவில் வைக்க வேண்டிய குறிப்புகளைச் சொல்லி, கடைசியில் அந்தத் தாயையே கரைசல் செய்யவைத்தார்கள். பணியாளர் செய்துகாட்டிவிட்டுக் கிளம்பக் கூடாது. தாயின் கை உப்பை எடுக்க வேண்டும், தாயின் கை கலக்க வேண்டும்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. உப்பு கூடினால் குழந்தைக்குத் தீங்கு. அரை சேர் என்பது வீட்டுக்கு வீடு வேறு பாத்திரம். ஆகவே அந்தந்த வீட்டுப் பாத்திரத்திலேயே அளவுக்குக் குறி போட்டார்கள். தாய்மார்கள் கலந்த கரைசலை மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள்.

இப்போது கணக்கர் வேலைக்கு வருகிறேன். பணியாளர் எத்தனை வீடு போனார் என்று எண்ணி ஆபெத் கூலி தரவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் அந்த வீடுகளில் சிலவற்றுக்குப் போவார். தாயிடம் குறிப்புகளைக் கேட்பார். கரைசலைச் செய்துகாட்டச் சொல்வார். தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்பதைப் பார்த்துத் தரம் போடுவார்கள். முதல் தரமானால் கற்றுக்கொடுத்தவருக்கு முழுத் தொகை; கடைசித் தரமானால் ஒன்றுமில்லை.

இந்த ஏற்பாட்டைப் பற்றி முதன்முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பல ஆண்டுகள் பயிற்சி வகுப்பு எடுத்தவன் நான். வகுப்பு முடிந்ததும் ஒரு தேர்வு வைப்போம், தாளைத் திருத்துவோம், சான்றிதழ் கொடுப்போம், புகைப்படம் எடுப்போம். கை கழுவுவதன் எல்லாப் படிகளையும் பிழையின்றி எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு பெண்ணின் ஊருக்கு ஒருமுறை போயிருந்தேன். அவர் பொறுப்பில் இருந்த தெருவில் குடத்துத் தண்ணீருக்கே அரை மைல் நடக்க வேண்டும். கை கழுவும் பழக்கம் ஒரு வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை. அவர் மேல் குற்றம் இல்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட. நாங்கள் சொன்னதை நாங்களே அளந்துகொண்டிருந்தோம். ஆபெத் அளந்தது, கேட்டவரிடம் தங்கியதை.

ஆனாலும் பிராக்கின் முதல் கட்டம் தோற்றது. இதை யாரும் மறைக்கவில்லை என்பது அந்த நிறுவனத்தின் பெருமை. தாய்மார்கள் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள், சரியாகக் கலந்தும் காட்டினார்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது மட்டும் அதைக் கொடுக்கவில்லை. நூற்றுக்குப் பத்துப் பேர்கூடப் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தது. ஏன் என்று விசாரித்தால் இரண்டு காரணங்கள் கிடைத்தன.

ஒன்று, கற்றுக்கொடுத்த பெண்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அவர்கள் மாத்திரைதான் வாங்கினார்கள். உப்பும் வெல்லமும் கலந்த தண்ணீர் காலரா நோயாளியைக் காப்பாற்றும் என்று அவர்கள் மனம் ஏற்கவில்லை. வாய் சொன்னதை மனம் நம்பாவிட்டால் எதிரே இருப்பவருக்கு அது தெரிந்துவிடும். ஆகவே பணியாளர்களை டாக்கா ஆய்வுக்கூட மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்கள். கண் குழிந்து கொண்டுவரப்படும் நோயாளிகள் இதே கரைசலைக் குடித்துச் சில மணி நேரத்தில் எழுந்து உட்காருவதை அவர்கள் நேரில் பார்த்தார்கள். தங்களுக்கு நோய் வந்தால் தாங்களும் இதையே குடிக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

மற்றது ஆண்கள். வீட்டுக்குள் பெண்கள் ஏதோ பேசிக்கொண்டார்கள், நம்மிடம் யாரும் சொல்லவில்லை என்ற மனத்தாங்கல் அவர்களுக்கு. குழந்தைக்கு என்ன கொடுப்பது என்று முடிவெடுப்பவர்களும் பல வீடுகளில் அவர்கள்தான். பிறகு மசூதியிலும் சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் ஆண்களிடம் பேச ஆள் அனுப்பினார்கள். அதன்பிறகுதான் பயன்பாடு ஏறியது. இன்று உலகிலேயே இந்தக் கரைசலை மிக அதிகம் பயன்படுத்தும் நாடுகளில் பங்களாதேஷ் ஒன்று.

அடுத்து ஜாம்கேட். மகாராஷ்டிரத்தில், அன்றைய அகமத்நகர் மாவட்டத்தின் வறண்ட ஊர். நமக்கு அதில் ஓர் உரிமை உண்டு, ஏனென்றால் 1970-ல் அங்கே போய்க் குடியேறிய மருத்துவத் தம்பதி ரஜனிகாந்த் அரோளேயும் மேபெல் அரோளேயும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். அவர்கள் முதலில் படித்த துணைச் செவிலியர்களைத்தான் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அது நடக்கவில்லை. தெரியாத ஊரில் தனியாகத் தங்க அந்தப் பெண்களுக்குத் தயக்கம். வெளியூர்ப் பெண் சொல்வதைக் கேட்க ஊருக்கும் தயக்கம். அதன்பிறகு ஊராரிடமே கேட்டார்கள்: உங்களில் ஒரு பெண்ணை நீங்களே தேர்ந்து அனுப்புங்கள், நாங்கள் சொல்லித்தருகிறோம் என்று. வந்தவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பலர் தலித் பெண்கள், கணவனால் கைவிடப்பட்டவர்களும் இருந்தார்கள்.

அவர்கள் வாரம்தோறும் ஜாம்கேடுக்கு வந்து இரவு தங்கிப் போனார்கள். எந்தச் சாதியானாலும் சேர்ந்து சமைத்துச் சேர்ந்து சாப்பிட்டார்கள். அந்த வாரம் தங்கள் ஊரில் நடந்தவற்றைச் சொல்வதிலிருந்து பாடம் தொடங்கும். ஒரு குழந்தை இறந்திருந்தால் ஏன் இறந்தது, எந்த இடத்தில் தடுத்திருக்கலாம் என்று எல்லோரும் பேசுவார்கள். அடுத்த வாரம் அதன் தொடர்ச்சி. இந்தப் பயிற்சிக்கு முடிவு நாள் என்று ஒன்று இல்லை. ஆண்டுக்கணக்கில் அது நடந்தது. நம் திட்டங்களில் ‘ஐந்து நாள் பயிற்சி நிறைவு’ என்று எழுதுகிறோமே, நிறைவு என்ற அந்தச் சொல்லே ஜாம்கேடில் கிடையாது.

அங்கே அவர்கள் கற்றவை எல்லாம் எளியவை. பிரசவத்தில் சுத்தமான பிளேடு, கொதிக்கவைத்த நூல். கர்ப்பிணிக்கு ரணஜன்னித் தடுப்பூசி. பிறந்த குழந்தைக்குச் சீம்பாலைப் பிழிந்து கொட்டாமல் கொடுப்பது. மாலைக்கண் வராமல் இருக்கக் கீரை. வீட்டுக் கழிவுநீர் தேங்கிக் கொசு வளராமல் உறிஞ்சுகுழி. தொழுநோயின் தேமலைத் தொடக்கத்திலேயே அடையாளம் காண்பது. 1970களின் தொடக்கத்தில் வறட்சி வந்தபோது, ஆழ்துளைக் கிணறுகளைத் தலித் குடியிருப்புகளில் அமையும்படி அரோளேக்கள் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீருக்காக எல்லோரும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். நோய்த்தடுப்பு எங்கே தொடங்குகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1971-ல் அந்தக் கிராமங்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்துகொண்டிருந்தன. 1990களில் அந்த எண் இருபதுகளுக்கு வந்துவிட்டது. ஆயிரத்துக்கு ஏறத்தாழ 150 குழந்தைகள் கூடுதலாகப் பிழைத்தார்கள். அவர்களில் பலர் இப்போது வளர்ந்து ஆளானவர்கள், அவர்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். 1975-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நூல் ஒன்றில் ஜாம்கேடுக்கு ஓர் இயல் உண்டு. மூன்று ஆண்டு கழித்து, 1978 செப்டம்பரில் சோவியத் கஜகஸ்தானின் அல்மா அட்டாவில் கூடிய நாடுகள், எல்லோருக்கும் அடிப்படைச் சுகாதாரம் என்று உறுதி எடுத்தன. கிராமத்துப் பணியாளருக்கு அந்தப் பிரகடனத்தில் பெயர் சொல்லி இடம் கொடுத்தார்கள்.

அதே மகாராஷ்டிரத்தின் இன்னொரு கோடியில் கட்சிரோலி. காடும் பழங்குடி ஊர்களும் நிறைந்த மாவட்டம். அங்கே அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி. குழந்தைகள் நிமோனியாவில் இறந்துகொண்டிருந்தன. சளிக் காய்ச்சலா நிமோனியாவா என்று பிரித்தறிய எளிய வழி மூச்சை எண்ணுவது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் ஆபத்து. இரண்டு மாதம் கடந்து ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அந்த எல்லை 50. ஆனால் மருத்துவச்சிகளான கிழவிகளுக்கு அவ்வளவு தூரம் எண்ண வராது. கையில் கடிகாரமும் கிடையாது.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? எண்ணத் தெரிந்தவரை அனுப்புங்கள் என்று கடிதம் எழுதியிருப்போம். பங் தம்பதி ஒரு மணிச்சட்டம் செய்தார்கள். அதில் ஒரு நிமிட மணல் கடிகாரம், வயதுப் பிரிவுக்கு ஒன்றாக இரண்டு வரிசை மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். பத்து வரை எண்ண எல்லோருக்கும் விரல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் ஒரு சிவப்பு மணி. மணல் தீர்வதற்குள் சிவப்பு மணியைத் தள்ள நேர்ந்தால் அது நிமோனியா, மருந்து கொடுக்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். எழுத்தறியாத ஒரு மூதாட்டியிடம் குறை காணாமல், கருவியிடம் குறை கண்டு அதைத் திருத்திய புத்தி அது.

பிறகு 39 கிராமங்களில், கொஞ்சம் படித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பிறந்த குழந்தையைப் பராமரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். எடை பார்ப்பது, சூடு குறையாமல் போர்த்துவது, தாய்ப்பால் தொடங்கவைப்பது, கிருமித் தொற்றின் அறிகுறியைக் கண்டால் உரிய மருந்தை ஊசியாகப் போடுவது. ஊசியா, மருத்துவம் படிக்காத பெண்ணா என்று மருத்துவ உலகில் எதிர்ப்பு கிளம்பியது. அந்த ஊர்களில் ஆயிரத்துக்கு 62 ஆக இருந்த பச்சிளங்குழந்தை இறப்பு, மூன்றாம் ஆண்டில் ஏறக்குறைய 25-க்கு இறங்கியது. 1999 டிசம்பரில் லான்செட் மருத்துவ இதழில் அது வெளிவந்தது. இன்று நம் நாட்டின் ஆஷா என்னும் கிராமச் சுகாதாரப் பணியாளர், பிரசவம் முடிந்து வீடு திரும்பிய தாயை 3-ஆம் நாள், 7-ஆம் நாள் என்று 42-ஆம் நாள்வரை வந்து பார்க்கிறாரே, அந்த வழக்கம் கட்சிரோலியில் பிறந்தது.

தோல்வியும் நம்மிடம் உண்டு. 1977 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு ஊருக்கு ஒரு சுகாதாரப் பணியாளர் என்ற திட்டத்தை ஆரம்பித்தது. மூன்று மாதப் பயிற்சி, ஒரு மருந்துப் பெட்டி, மாதம் 50 ரூபாய். தேர்வானவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், ஊர்ச் செல்வாக்கு உள்ளவர்கள். பயிற்சிக்குப் பிறகு அவர்களோடு உட்கார்ந்து பேச ஆள் இல்லை. பெட்டி மட்டும் கையில் இருந்தது. தடுப்பைப் பற்றிப் பேசினால் யார் காசு தருவார்கள்? பலர் ஊசி போடும் குட்டி டாக்டர்கள் ஆனார்கள். பெயர்கள் மாறி மாறித் திட்டம் மெல்ல ஓய்ந்தது. தமிழ்நாடு அதில் சேரவில்லை, தனக்கென்று வேறு ஏற்பாடு வைத்திருந்தது.

இந்த ஊர்களையெல்லாம் பார்த்தபின் எனக்கு ஒன்று உறுதியாகப்படுகிறது. பயிற்சியின் தரத்தைப் பாடநூலில் தேடக் கூடாது. பாடம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: சுத்தம், தடுப்பூசி, தாய்ப்பால், உப்புக்கரைசல். பயிற்சிக்கு அடுத்த வாரம் அந்தப் பெண்ணைத் தேடி யார் போகிறார், போய் என்ன கேட்கிறார் என்பதில்தான் ஜாம்கேடும் 1977-ஆம் ஆண்டுத் திட்டமும் பிரிந்தன.

இன்னொன்று கூலி. நான் இதில் மழுப்ப விரும்பவில்லை. 2005-ல் தொடங்கிய ஆஷா திட்டத்தில் இன்று ஏறத்தாழ பத்து லட்சம் பெண்கள் இருக்கிறார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் அவர்களுக்கு விருது கொடுத்தார். இன்றும் அவர்கள் பெயரளவில் தன்னார்வலர்கள். மாதாந்திர வேலைகளுக்கு ஒரு சிறு தொகை, மற்றபடி வேலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை. பிரசவத்துக்கு அழைத்துப்போனால் தொகை உண்டு. ஒரு மாமியாரிடம் நான்கு நாள் பொறுமையாகப் பேசிச் சீம்பால் கொடுக்கவைத்தால் அதற்கென்று எந்தத் தலைப்பிலும் தொகை இல்லை. வராத நோய் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பிராக் தாயின் நினைவை அளந்து காசு கொடுத்தது. நாம் படிவத்தை எண்ணிக் கொடுக்கிறோம். எத்தியோப்பியா நம்மைவிட ஏழை நாடு. அங்கே 2003 முதல் பத்தாம் வகுப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்கு ஓராண்டுப் பயிற்சி கொடுத்து, சிற்றூருக்கு இருவராக நியமித்து, அரசுச் சம்பளம் கொடுக்கிறார்கள். பணியாளர்களுக்கு வேலைக்கேற்ற ஊதியமும் எழுத்து மூலமான ஒப்பந்தமும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2018-ல் வழிகாட்டியிருக்கிறது. சேவை மனப்பான்மை என்று சொல்லி ஏழைப் பெண்ணின் உழைப்பை இலவசமாக வாங்குவது அநியாயம்.

மருத்துவம் படிக்கும் பிள்ளைகளே, உங்களில் பலர் சில ஆண்டுகளில் ஏதாவது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காரப் போகிறீர்கள். அங்கே உங்களுக்குக் கீழே சில பெண்கள் வேலை செய்வார்கள். செவிலியராக இருக்கலாம், 2021-லிருந்து வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் தன்னார்வலராக இருக்கலாம். உங்களைவிட அந்த ஊர் அவர்களுக்கு அதிகம் தெரியும். எந்த வீட்டில் மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு விழுங்காமல் இருக்கிறார்கள், எந்த மருமகள் பசியோடு படுக்கிறாள், எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

அவர்களோடு வாரத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, இந்த வாரம் ஊரில் என்னம்மா நடந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் பேசாதீர்கள்.